டி டிரைவில் இருந்த மயில்கள்

ஆடுகோடியில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை. கடை மச்சானுடையது, என் மனைவியின் அண்ணன். ஜாக்கெட் கழுத்துக்கும் கைக்கும் டிசைன் போடுவது நான். மயில், அன்னம், மாங்காய், எல்லாம் நான் உட்கார்ந்து வரைந்தவை. டி டிரைவில் வைத்திருந்தேன். சர்வீஸுக்கு வந்த ஒவ்வொருவனும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான்: "ஃபார்மட் அடிச்சா சி தான் போகும். டி-ய யாரும் தொட மாட்டாங்க."

புது விண்டோஸ் இருந்தால்தான் எம்பிராய்டரி சாஃப்ட்வேர் இனி ஓடும் என்றார்கள். மச்சான் ஒருவனைக் கூட்டி வந்தார். அவன் செட்டப்புக்குள் போய், கம்ப்யூட்டர் கிளம்புகிற முறையைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றினான். திரை கறுத்தது. டிஸ்க் இல்லை என்று எழுத்து வந்தது.

"பழைய டிஸ்க் இதுல கிளம்பாது. மொத்தமா அழிக்கணும்," என்றான்.

"டி?"

"டி-யும்தாண்ணா. ரெண்டும் ஒரே டிஸ்க்குதானே."

பென் டிரைவைச் செருகினான். அழிக்கிற இடம் வரைக்கும் போய்விட்டான். நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

மச்சான் எகிறினார். "பைத்தியமா உனக்கு? நெட்டுல ஆயிரம் டிசைன் கெடக்குது."

"அத வச்சே தச்சுக்கோங்க. அப்ப நான் எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

கேட்பார் என்று தெரியும். டிசைன் போனால் அந்தக் கடையில் எனக்கு நாற்காலி இல்லை. பிளக்கை விடவில்லை.

சர்வீஸ்காரன் மெதுவாகச் சொன்னான். "அழிக்காமலும் மாத்தலாம். லேட்டாகும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"யாரு கேட்டீங்க?"

பிளக்கைத் திரும்பச் செருகினேன். அவன் பழைய முறைக்கே திருப்பினான். கம்ப்யூட்டர் கிளம்பியது. டி இருந்தது. முதலில் காப்பி எடு என்றேன். வெளியே மாட்டுகிற டிஸ்க் வாங்க அவனையே அனுப்பினேன், என் காசில். நான் எழுந்து போனால் மச்சான் என்ன செய்வாரோ.

காப்பி ஏறுகிற வரைக்கும் மச்சான் திட்டினார். "கல்யாண ஜாக்கெட் நிக்குது. பொண்ணு வீட்டுக்காரன் என் சட்டையப் புடிப்பான்."

"புடிக்கட்டும்."

பிறகு சர்வீஸ்காரன் கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தான். டிஸ்க் புது முறைக்கு மாறியது. செட்டப்பையும் மாற்றினான். இந்த முறை கிளம்பியது. அதன் மேல் புது விண்டோஸ் ஏற்றினான். டி-யைத் திறந்தேன். எதுவும் போகவில்லை.

அவன் போனதும் மச்சான் கையை நீட்டினார். "அந்த டிஸ்க்க இங்க வை. கடை வேலைதானே?"

"கடைக்குக் கம்ப்யூட்டர்ல இருக்கு."

"அப்ப இது?"

"எனக்கு."

சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் தங்கைக்குப் போன் போட்டுக் கத்த ஆரம்பித்தார். நான் கல்யாண ஜாக்கெட்டை மிஷினில் மாட்டினேன்.