பூத்தில் கத்திச் சொன்ன பாஸ்வேர்டு

2006 ஐப்பசியில், ஜெயங்கொண்டத்தில் நடந்தது இது. அப்போது நான் முந்திரிப் பருப்பை இன்டர்நெட்டில் விற்றுக்கொண்டிருந்தேன். "முந்திரிக் காட்டுல உக்காந்துகிட்டு கம்ப்யூட்டர்ல விக்கிறாளாம்!" என்று தெருவே சிரித்தது. எனக்கு ரோஷம் ஜாஸ்தி. யாரிடமும் கடன் வாங்குவதில்லை என்ற வீம்போடு, முதலில் பிரவுசிங் சென்டரில் மெயில் மட்டும் அனுப்பினேன். அதில் வந்த லாபத்தில் வெப்சைட், அதில் மிஞ்சியதில் டின்னும் லேபிளும். சொந்தக் கம்ப்யூட்டர் வரை இன்னும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதல் கல்யாண ஆர்டர் வந்தது. துபாயில் இருந்த ஒருவர், கும்பகோணத்தில் தங்கை கல்யாணத்துக்குப் பத்து கிலோ கேட்டிருந்தார். மறுநாள் முகூர்த்தம். அன்று சாயங்காலமே சமையல்காரர் கைக்குப் பருப்பு போயாக வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி டின்னை பஸ் டிரைவரிடம் ஒப்படைத்தேன். எந்த பஸ் என்று துபாய்க்கு மெயில் போட்டால், அவர் வீட்டுக்குச் சொல்வார், ஆள் பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளும்.

மெயில் போட ஓடினால், ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை!

"ஃபோன் நம்பர் இருக்குமுல்ல, அடிச்சுச் சொல்லிடுங்க" என்றார் சென்டர்காரர்.

எங்கே இருக்கிறது? என் ஆர்டர் ஃபாரத்தில் பெயரும் மெயில் ஐடியும் மட்டும்தான் கேட்டிருந்தேன். அந்த ஐடியும் என் இன்பாக்ஸுக்குள் கிடந்தது. மண்டபத்தின் பெயர்கூடத் தெரியாது.

கும்பகோணத்தில் தனக்குத் தெரிந்த ஒரு சென்டரின் நம்பரை அவர் கொடுத்தார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும், "பாஸ்வேர்டைச் சொல்லுங்கக்கா, நானே அனுப்பிடுறேன்" என்றாள். திக்கென்றது. என் வியாபாரமே அந்த இன்பாக்ஸில்தான் இருந்தது. லைன் வேறு கரகரவென்றது. பின்னால் நாலு பேர் நிற்க, ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினேன்.

மெயில் போனது. பதில் வரவில்லை. மூன்றாவது முறை அடித்தபோது, "பஸ் வர்ற நேரமாயிடுச்சுக்கா. ஆளு வரலேன்னா டின்னு திரும்பிடும்ல? சென்டரைப் பூட்டிட்டு நானே போயி வாங்கி வெக்கிறேன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாடு! பாஸ்வேர்டும் போச்சு, டின்னும் போச்சு என்று அவளைப் பற்றி என்னென்னவோ நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கரண்ட் வந்ததும் மெயிலைத் திறந்தேன். துபாயிலிருந்து வீட்டு நம்பர் வந்திருந்தது. டின்னோடு சென்டருக்குத் திரும்பி அதைப் பார்த்தவள், தானே கல்யாண வீட்டாரைக் கூப்பிட்டு டின்னைக் கொடுத்திருந்தாள். எனக்கும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி: "டின்னு சேந்துடுச்சுக்கா. மொதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க, எனக்கும் தெரியக்கூடாது."

அழுதுவிட்டேன். மறுநாளே ஃபாரத்தில் ஃபோன் நம்பரையும் சேர்த்தேன். முன்பின் தெரியாத என்னை நம்பி எங்கெங்கிருந்தோ ஜனங்கள் ஆர்டர் கொடுத்ததை அதுவரை என் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன். அப்படி நம்புவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.