வள்ளத்தில் ஒரு தீற்றல்

அந்தத் துறைமுகப் படத்தை வரைந்தபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவன். திருகோணமலையில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. மாரி தொடங்கும் நேரம். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல். அகலத் தூரிகையால் இரண்டையும் ஒரே மூச்சில் இழுத்து, அடிவானம் தெரியாமல் கலந்துவிட்டேன். முன்னால் அக்காவின் புருஷனுடைய நீல வள்ளம். அதில் அவர், மண்ணிறத்தில் தடிப்பாக ஒரே ஒரு தீற்றல்.

அத்தான் வந்து பார்த்துச் சிரித்தார். "மச்சான், இதுவோ நான்? ஈ, இலையான் குந்தின மாதிரிக் கிடக்கு."

"படத்துக்கு இவ்வளவு ஆள் போதும் அத்தான்," என்றேன்.

அடுத்த மாரியில் கடலுக்குப் போன அத்தான் திரும்பவில்லை. மூன்றாம் நாள் வள்ளத்தை மட்டும் கட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. அவருடைய போனும் அதிலிருந்த படங்களும் அவரோடு போய்விட்டன. கலியாணப் படங்கள் முன்னமே வெள்ளத்தில் ஊறி அழிந்திருந்தன. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். அதில் அவர் களவெடுத்துப் பிடிபட்டவரைப் போல விழித்துக்கொண்டிருந்தார். அக்கா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒரு பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் தொங்கிய அந்தப் படத்தின் தீற்றலை விரலால் தொட்டார்.

"தம்பி, இதுக்கொரு முகம் போட ஏலாதோ? வள்ளத்தில இருக்கேக்க அவரின்ர முகமே வேற."

ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஓம் என்றேன். காய்ந்து மேடுதட்டிய நிறத்தின் மேல் கண்ணும் மூக்கும் நிற்காது. அக்கா பார்த்திருக்க, பிளேடால் மெல்லச் சுரண்டினேன். தீற்றல் அப்படியே பெயர்ந்து என் மடியில் விழுந்தது. சின்னத் தூரிகையால் ஒரு முகம் வைத்தேன், யாரோ ஒருவர். துணியால் துடைத்தேன். இன்னொன்று வைத்தேன், அதுவும் யாரோ. இத்தனை வருஷம் பார்த்த முகம் கைக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. நான் அந்த மனிதரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அதையும் துடைத்தேன். வள்ளத்துக்கு மேலே சாம்பல் தண்ணீர் மட்டும் மிஞ்சியது.

அக்கா அழுவார், ஏசுவார் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"விடு தம்பி," என்றார். "அன்றைக்கும் வள்ளம் இப்பிடித்தானே வந்தது."