மாற்றி மாற்றிப் படிக்க வேண்டிய கதை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை அலுங்காமல் மேலே ஏற்றி அனுப்பியவர், தினமும் மூன்று மாடி படியேறித்தான் வீட்டுக்கு வருவார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவருடைய வேலைப் பையில் ஸ்பேனருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் எப்போதும் ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸ் இருக்கும். பேரன் எடுக்கிற வயசில் பொம்மைப் புத்தகமா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். மனுஷன் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

படிப்பதோடு விட்டாரா? சோற்றில் கை வைத்ததும் அபிப்பிராயம் ஆரம்பமாகிவிடும்.

"ரெண்டு ஹீரோ சந்திச்சா முதல்ல எதுக்கு அடிச்சுக்கறானுங்க? உக்காந்து பேசினா தீர்ந்துபோற விஷயம். ஊரையே இடிச்சுட்டு அப்புறம் கை குலுக்குவானுங்க. அந்தக் கட்டடத்து லிஃப்டையெல்லாம் எவன் சரி பண்றது?"

ஒரு ஹீரோவின் கதைக்குள் இன்னொரு ஹீரோ நுழைகிற கிராஸ்ஓவர் என்றாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "சொந்தக் கதையை ஒழுங்கா நடத்தத் துப்பில்லாதவன்தான் பக்கத்து வீட்டுக்காரனைக் கூட்டிட்டு வருவான்" என்பார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. கடல்கழுகும் நிழலாடியும் சேர்ந்து வருகிற 'உடைந்த வானம்'. "அதுல யாரும் சும்மா வந்து நிக்கல. ஒருத்தன் இல்லாம இன்னொருத்தன் கதை நகராது" என்று சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்கியிருக்கிறார்.

அந்த வாய்தான் போய்விட்டது. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மோட்டார் அறையில் வேலை பார்க்கும்போதே பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. "பேச்சு மட்டும் இல்லம்மா, நாம பேசறதும் அவருக்கு எட்டல" என்றார் டாக்டர். மகன் அலைந்து திரிந்து ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்துவிட்டான். சனிக்கிழமை வண்டி வரும் என்றான்.

அனுப்ப மாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவனும் கல்நெஞ்சக்காரன் இல்லை. "அப்பாவுக்குப் புரியுதுன்னு ஒரு அடையாளம் காட்டும்மா. அந்த நிமிஷமே வண்டி வேணாம்னு சொல்லிடறேன்" என்றான்.

நான் செய்யாதது இல்லை. பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். கெஞ்சினேன், திட்டினேன், தொடையில் கிள்ளியும் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார். வியாழக்கிழமை வேறு வழி தெரியாமல் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தேன். 'உடைந்த வானம்' என்று போட்ட புத்தகங்களைப் பொறுக்கி, பாத்திரம் அடுக்குகிற மாதிரி கடல்கழுகை ஒரு பக்கமும் நிழலாடியை ஒரு பக்கமும் அடுக்கினேன். கடல்கழுகை எடுத்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படித்தேன்.

முதல் புத்தகம் முடிந்தது. இரண்டாவதை விரித்து நாலு வரி படித்திருப்பேன். அவர் இடது கை எழும்பிப் புத்தகத்தைத் தள்ளியது. தொண்டையிலிருந்து ஒரு முனகல், கண்ணோரத்தில் தண்ணீர். வலிக்கிறதோ என்று பதறிப்போய்த் தடவிக்கொடுத்தேன். அடங்கினார். திரும்ப எடுத்தேன். திரும்பவும் தள்ளினார்.

பழைய புத்தகக் கடைக்காரருக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் இவரோடு வாக்குவாதம் பண்ணியே பொழுதைப் போக்குகிறவர் அவர் ஒருத்தர்தான்.

"அண்ணே, இந்தக் கதையில எதாவது கெட்டது வருதா? இவர் அழறாரே."

"எப்படிம்மா படிச்சே?"

"முதல்ல கடல்கழுகு எல்லாத்தையும் முடிச்சுட்டு, அப்புறம் நிழலாடி எடுக்கலாம்னு..."

"அடக் கடவுளே! தங்கச்சி, அது கிராஸ்ஓவர். முதல் பாகம் இதுல வந்தா ரெண்டாம் பாகம் அதுல வரும். மாத்தி மாத்திப் படிக்கணும். நீ படிக்கிற லட்சணத்துல நேத்து செத்தவன் இன்னிக்குக் காப்பி குடிச்சுட்டு இருப்பான். உன் புருஷனுக்குக் கோவம் வராம என்ன பண்ணும்?"

போனை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. நிழலாடியை எடுத்துப் படித்தேன். அவர் அசையவில்லை. அடுத்ததாக வேண்டுமென்றே தப்பானதை எடுத்தேன். தள்ளினார். சரியானதை எடுத்தேன். கேட்டுக்கொண்டு கிடந்தார். மூன்று மாதமாக மரக்கட்டை என்று எல்லோரும் சொன்ன மனுஷன் கதையை ஒரு இழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மறுநாள் காலை மகன் வந்தான். நம்பவில்லை. "கை தானா துடிக்கும்மா" என்றான். நீயே படிடா என்று புத்தகத்தை அவன் கையில் திணித்தேன். அவன் தப்பானதைப் படித்தபோது தள்ளினார், சரியானதைப் படித்தபோது சும்மா இருந்தார். மூன்றாவது தடவை அவன் குரல் உடைந்துபோனது. "அப்பா" என்று அவர் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"வண்டி வேணாம்னு சொல்லிடறேன்மா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்த திமிர் வேறு. "இரு, அதையும் அவர் வாயாலேயே, இல்ல, கையாலேயே சொல்லட்டும்" என்றேன். கட்டிலில் உட்காரக் குனிந்தபோது இடுப்பில் சுரீர் என்றது. அவரைத் தனியாகப் புரட்டிப் புரட்டி முதுகு போய், ஒரு வாரமாகப் பெல்ட் போட்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்தேன்.

"நீங்க எங்கயும் போக வேணாம். என்கூடவே இருக்கீங்கதானே?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைப் பார்த்தார். கண் நிறைந்தது. என் கைக்குள் இருந்து விரல்களை மெதுவாக உருவிக்கொண்டார். உருவிய கையால் என் கையைத் தள்ளினார்.

திரும்பக் கேட்டேன். திரும்பவும் தள்ளினார்.

மகன் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவருக்குப் புரியலடா" என்றேன். "டாக்டர் சொன்னது சரிதான். அவருக்கு ஒண்ணுமே புரியல."