ஆனி முதல் தேதியும் ஐந்து பேனர்களும்

கஜபதி சாரைப் பற்றி யாராவது என்னிடம் விசாரித்தால், "தங்கமான மனுஷர், ஆனால் அவர் கண்ணெதிரே இரண்டு பேர் சேர்ந்து நின்றுவிடாதீர்கள்" என்று சொல்லிவைப்பேன். நின்றால் போச்சு. அவர் மூன்றாவது ஆளாகப் போய் நின்று ஒரு கமிட்டி அமைத்துவிடுவார்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் வீடு கட்டிக் குடிவந்தார். வந்த மாதமே எங்கள் தெருவுக்கு நலச்சங்கம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் எங்களிடம் நலம் இருந்தது, சங்கம் இல்லை. இப்போது சங்கம் இருக்கிறது. கொசு மருந்து அடிக்க வருகிற ஆளைக்கூட நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவரை ஆலோசனைக் குழு உறுப்பினராக்கி, டீ கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.

இப்படிக் கேலி செய்கிறேனே தவிர, ஒரு விஷயத்தில் அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பாடியிலும் வேலை செய்கிற ஒடிசாக்காரர்கள் எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் லைன் வீடுகளில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் இங்கேயே அரசுப் பள்ளியில் தமிழில் படித்து வளர்ந்தவர்கள். பையன்கள் படிப்பு முடிந்ததும் அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் ஒருநாள் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பப்படுவார்கள், அங்கே கல்யாணம். இதை நாங்கள் எல்லோரும்தான் பார்த்தோம். பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர் கஜபதி மட்டும்தான்.

அதில் சஸ்மிதா என்ற பெண் அவருக்குச் செல்லம். பிளஸ் டூ முடித்தவள், பதினெட்டு வயது. அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் பாடியில் பிறந்து வளர்ந்த ஆட்டோக்காரரே கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவார். அவளுடைய அப்பா துஷ்மந்த் பாடியில் ஒரு பட்டறையில் இரும்பு அடிக்கிறவர். ஆனி முதல் வாரத்துச் சனிக்கிழமை ரயிலுக்கு அவளுக்கும் தனக்கும் டிக்கெட் எடுத்துவைத்திருந்தார். கஜபதி போய் வாதாடியதற்கு அவர் சொன்ன பதில் இதுதான்:

"நான் நெறைய ரிப்பன் பாத்துட்டேன் சார். ரிப்பன் வெட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, கேசரி குடுப்பாங்க. மறுநாள் பூட்டு. நெஜமா சென்டர் வந்தா பொண்ணு இங்க இருக்கட்டும். வரலன்னா ஊருக்கு."

வந்தே தீரும் என்று கஜபதி கிளம்பினார். இரண்டு மாதம் அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. போலீஸ் சிறுவர் சிறுமியர் மன்றம் நடத்தும் இன்ஸ்பெக்டர் தினகரனைப் பிடித்தார். சிறுதொழில் முதலாளிகள் சங்கத் தலைவர் ராகவனைப் பிடித்தார். அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ஞானம்மாளிடம் பழைய கட்டடத்தில் ஒரு ஹால் வாங்கினார். மாநகராட்சி அதைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துக் கொடுத்தது. ஐந்தாவதாக எங்கள் நலச்சங்கம், அதாவது அவரே. தையல் பயிற்சி மையம் தயார். மெஷின்கள் வந்து இறங்கிவிட்டன, ஆனால் தற்காலிகமாக. மெஷின் கொடுக்கிற துறையின் மாவட்ட அதிகாரி ரேணுகா நேரில் வந்து, மெஷின்களில் பெண்கள் உட்கார்ந்து தைப்பதைப் பார்த்தால்தான் மெஷின்கள் இங்கே தங்கும். இல்லையென்றால் பூந்தமல்லியில் காத்திருக்கும் இன்னொரு மையத்துக்குப் போய்விடும்.

பேனரில் யார் பெயர் முதலில் வருவது என்று ஐந்து தரப்புக்கும் ஒரு வாரம் சண்டை. கஜபதி அசரவில்லை. ஐந்து பேனர் அடித்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் பெயர் முதலில். நான்கு சுவரில் நான்கு, வாசலில் ஒன்று. அவரவர் தங்கள் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு தேதி. தேதி பார்ப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. இன்ஸ்பெக்டருக்கு பந்தோபஸ்து இல்லாத நாள், ராகவன் ஊரில் இருக்கிற நாள், பள்ளியில் தேர்வு இல்லாத நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தாத நாள், ராகுகாலம் எமகண்டம் குறுக்கே வராத நேரம், கிரிக்கெட் மேட்ச் இல்லாத சாயங்காலம் உட்பட எல்லாம் பார்த்து, நாள்காட்டியைக் கிழிக்காமல் புரட்டிப் புரட்டி, திங்கட்கிழமை ஆனி ஒன்று என்று முடிவு செய்தார். மாதப் பிறப்பு, அமோகமான நாள். எல்லோரையும் கேட்டாயிற்று. மெஷினுக்கு வாயிருந்தால் அதையும் கேட்டிருப்பார். அதில் உட்காரப்போகிற பெண்களை மட்டும் கேட்கவில்லை. நம் ஊரில் எந்த விழாவிலும் பயனாளிகளுக்குத்தான் கடைசியில் சொல்வார்கள். அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களுக்குச் சொல்ல லைன் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். போனால், இருபது பெண்களும் புதுத்துணி உடுத்தி, காலில் சிவப்புச் சாயம் பூசி, வெற்றிலை மென்றுகொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கஜபதி பூரித்துப்போய்விட்டார்.

"பாத்தீங்களா? நம்ம பங்ஷனுக்கு மொத நாளே ரெடியாயிட்டாங்க" என்றார் என்னிடம்.

சஸ்மிதா சிரித்தாள். "இன்னா அங்கிள் பங்ஷன்? எங்களுக்கு ரொஜோ கீது. இன்னிக்கி, நாளைக்கி, நாளன்னிக்கி. மூணு நாளும் பொம்பளைங்க ஒரு வேலையும் செய்யக் கூடாது. அதுக்கு அடுத்த நாளு குளிச்சி முடிச்சாதான்."

அதென்ன ரொஜோ என்று கேட்டோம். அவள் கூச்சப்படாமல் சொன்னாள். பூமித்தாயும் ஒரு பெண்தான், வருஷத்துக்கு ஒருமுறை அவளுக்கும் அந்த மூன்று நாள் வருகிறது. அப்போது மண்ணை வெட்டக் கூடாது, உழக் கூடாது. அவளோடு சேர்ந்து எல்லாப் பெண்களுக்கும் ஓய்வு. அரைக்கக் கூடாது, நறுக்கக் கூடாது, தைக்கக் கூடாது. ஊஞ்சலாடலாம், பலகாரம் சாப்பிடலாம். ஆண்கள்தான் சமைக்க வேண்டும். நடு நாள்தான் முக்கியம். அது ஒவ்வொரு வருஷமும் சரியாக நம்முடைய ஆனி ஒன்றாம் தேதி வரும்.

கஜபதி நின்ற இடத்திலேயே நாலு தடவை இருமினார்.

"ஒரு மணி நேரம்மா. சும்மா மெஷின்ல உட்கார்ந்தா போதும். காலைக்கூட ஆட்ட வேணாம்."

"இல்ல அங்கிள்."

"சென்டர் வரலன்னா உங்கப்பா சனிக்கிழமை உன்னை ஏத்திக்கினு போயிடுவாரு. தெரியுமில்ல?"

"தெரியும். எனக்கு இந்த சென்டர் வோணும் அங்கிள், ரொம்ப வோணும்." அவள் குரல் தாழ்ந்தது. "எங்கம்மா வருஷம் பூரா ஒக்காராது. இந்த மூணு நாளுதான் ஒக்காருது. நான் எழுந்து வேலை செஞ்சேன்னா, பொண்ணே செய்யுதேன்னு அதுவும் எழுந்துரும். அத்த நான் செய்ய மாட்டேன்."

கஜபதி தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். நானும்தான்.

வீட்டுக்கு வந்து முதலில் அதிகாரிக்குப் போன் போட்டார். தேதியெல்லாம் மாற்ற முடியாது, திங்கள் இங்கே, செவ்வாய் பூந்தமல்லி என்று உதவியாளர் சொல்லிவிட்டார். அடுத்து இன்ஸ்பெக்டர். இந்த மாதிரிப் பேச்சென்றால் கூச்சப்படுகிற மனுஷர் இதை ஒரு போலீஸ்காரருக்குப் போனில் விளக்க வேண்டும்.

"சார், நாளைக்கு ஒரு சிக்கல். பூமாதேவிக்கு... வந்து... கொஞ்சம் உடம்பு முடியல."

"பூமாதேவியா? எந்தத் தெரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

உள்ளேயிருந்து கஜபதியின் மனைவி அனுசுயா அக்கா வந்து போனைப் பிடுங்கி, ஒளிவுமறைவில்லாமல் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்தார். போனை வைத்துவிட்டு அப்படியே சோபாவில் சாய்ந்தார். "மூணு நாள் அடுப்புப் பக்கமே போகக் கூடாதாமே! ஆண்டவன் என்னைத் தப்பான மாநிலத்துல பொறக்க வச்சிட்டான்." அன்று ராத்திரி அந்த வீட்டில் ஹோட்டல் தோசை.

கடைசியில் கஜபதி மறுபடி லைன் வீட்டுக்குப் போய் சஸ்மிதாவிடம் கேட்டது இதுதான்: பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் கட்டினால் எல்லோரும் வருவீர்களா? லைன் வீட்டில் ஒரு மரம்கூடக் கிடையாது, அந்த வருஷம் ஊஞ்சலே இல்லை என்று பெண்களுக்கு ஏற்கெனவே வருத்தம். "வருவோம். ஆனா மெஷினத் தொட மாட்டோம்" என்றாள். வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். என்ன பார்ப்பார் என்று அவருக்கே தெரியாது.

திங்கட்கிழமை காலையில் பள்ளி வளாகத்தில் ஊஞ்சல் ஏறியது. ஞானம்மாள் வேப்பமரத்தைக் கொடுத்தார். கயிறு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தது. பலகை ராகவனின் கம்பெனியில் அறுத்தது. தெருவிளக்கு மாற்றுகிற ஏணியோடு மாநகராட்சி ஆள் மரமேறினார். இரண்டு மாதமாக யார் பெயர் முதலில் என்று அடித்துக்கொண்டவர்கள், பேனரே இல்லாமல் அரை மணியில் ஒரு காரியத்தை முடித்ததை என் கண்ணால் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பெண்கள் வந்தார்கள், ஆடினார்கள், சிரித்தார்கள். ஹாலுக்குள் மெஷின்கள் அனாதையாக நின்றன. வாசல் கேட்டருகே துஷ்மந்த் லீவு போட்டுவிட்டு வந்து கைகட்டி நின்றார். அதிகாரியின் வண்டி திருமுல்லைவாயலைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. கஜபதி வியர்த்து வழிந்தார்.

ஞானம்மாள் டீச்சர் ஊஞ்சலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்: "பொம்பளைங்கதானே வேலை செய்யக் கூடாது? நீங்கள்லாம் இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

நாலு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதிகாரி ரேணுகா ஹாலுக்குள் நுழைந்தபோது கண்ட காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதல் மெஷினில் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் தினகரன். இரண்டாவதில் முதலாளிகள் சங்கத் தலைவர். மூன்றாவதில் ஏணியிலிருந்து அப்போதுதான் இறங்கிய மாநகராட்சிக்காரர். நான்காவதில் மூக்குக் கண்ணாடி நழுவ, நாக்கைக் கடித்துக்கொண்டு கஜபதி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சஸ்மிதா நடுவில் நடந்தாள். பள்ளியில் தையல் படித்தவள், வாய்க்கு அன்று ஓய்வில்லை.

"இன்ஸ்பெக்டர் சார், அது சைக்கிள் இல்ல, மெதுவா மிதிங்க. ராகவன் சார், ஊசியப் பாருங்க, கேமராவப் பாக்காதீங்க. அங்கிள், உங்க சட்டையச் சேத்துத் தைச்சிக்கினு கீறீங்க!"

இன்ஸ்பெக்டர் தலையணை உறை தைத்தார். நான்கு பக்கமும் தைத்துவிட்டார், தலையணை போக வழியில்லை. ரேணுகா மேடம் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். கஜபதி எழுந்து நின்று, இருமாமல், தேதி பார்த்த தன் லட்சணத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். மேடம் வெளியே போய் ஊஞ்சலைப் பார்த்தார். சஸ்மிதாவிடம் ஏதோ பேசினார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

"இன்னைக்கு நான் பார்த்ததை வச்சு மெஷினை இங்கேயே விடறேன்னு சொல்ல முடியாது. விதி அப்படி. வியாழக்கிழமை மறுபடி வர்றேன். அதுவரைக்கும் மெஷினை யாரும் தூக்க வேண்டாம். அன்னைக்கு இந்த நாலு பேரும் மெஷின்ல உட்காரக் கூடாது."

அவர் கிளம்பியதும் கூட்டம் கலைந்தது. கஜபதி படியில் உட்கார்ந்து சட்டையில் விழுந்த தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையே என்று புலம்பினார். துஷ்மந்த் வந்து பக்கத்தில் நின்றார்.

"சார், இந்த ஊருல எங்கள எல்லாரும் பீகாரின்னுதான் கூப்பிடுவாங்க. இல்லன்னா இந்திக்காரன். இன்னைக்கு போலீஸ் ஆபீசர் எங்கிட்ட வந்து, ரொஜோ எப்ப முடியுதுன்னு கேட்டாரு சார்."

போனை எடுத்து நீட்டினார்.

"சனிக்கிழமை டிக்கெட். பக்கத்து ரூம் பையன் இதுலயே போட்டுக் குடுத்தான். ரெண்டுல ஒண்ணு வேணாம்."

"அவசரப்படாதீங்க துஷ்மந்த். வியாழக்கிழமை அந்தம்மா இன்னா சொல்லுவாங்களோ."

"அவங்க வேணாம்னு சொன்னாலும் நீங்கள்லாம் இருக்கீங்க இல்ல."

கஜபதி போனை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கண்ணே கலங்கியிருந்தால் கண்ணாடி என்ன செய்யும்? எழுத்து தெரியவில்லை. ஊஞ்சலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சஸ்மிதா இறங்கி வந்தாள். காலையிலிருந்து ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத பெண், அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, இன்னிக்கி நீ வேலை செய்யக் கூடாதே" என்றார் கஜபதி.

"இது வேலை இல்ல அங்கிள்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பெயரில் தன் பெயரைத் தேடி எடுத்து ரத்து செய்தாள்.