சூசை மாமா குரலுக்கு எத்தனை வாட்ஸ்?

ஆலந்தலையில் எங்கள் கோயில் கொடியேற்றத்துக்கு இன்னும் இரண்டே நாள். புது ஆம்ப்ளிஃபயர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஊர்க் கமிட்டி என் தலையில் கட்டிவிட்டது.

இன்று தூத்துக்குடிக் கடையில் நானூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை எடுத்தேன். கோயிலில் இருக்கும் ஸ்பீக்கரும் நானூறு. அதற்கு மேல் போனால் எரிந்துவிடுமோ என்ற பயம்.

கடைக்கார அண்ணாச்சி தடுத்தார். "தம்பி, சின்ன பெட்டிய முழு வால்யூம்ல வச்சி சத்தம் கிழிஞ்சாலும் ஸ்பீக்கர் எரியும். மைக்ல யாரு பேசுவா?"

துணைக்கு வந்த சூசை மாமாவைக் காட்டினேன். கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர்.

"பேசிப் பாருங்க" என்று அண்ணாச்சி மைக்கை நீட்டினார்.

மாமா ஜெபமா சொல்வார்?

"சீலா மீனு ரெண்டாயிரம்! ரெண்டாயிரம் ஒருதரம்!"

சத்தம் கிழிந்தால் எரியும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

அண்ணாச்சி எண்ணூறு வாட்ஸ் பெட்டியை இறக்கினார். "வால்யூம் பாதிக்கு மேல போவக் கூடாது. போனா ஸ்பீக்கர் காலி."

இப்போது பஸ்ஸில் இருக்கிறோம். பெட்டி என் மடியில்.

மாமா கேட்கிறார்: "ஏலே மாப்ள, இனி நான் கொஞ்சம் சத்தமாப் பேசலாம்லா?"

ஸ்பீக்கருக்காக ஜெபிக்க விரும்புகிறவர்கள் கமெண்டில் ஜெபியுங்கள். கொடியேற்றத்தன்று மைக் மாமாவிடம்தான் இருக்கும்.