காற்றுக்கு இடம் விட்ட மண்டபம்

திருச்சியில் காலை ஐந்து மணிக்குப் பேருந்து ஏறினேன். விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்குச் சுமார் இருநூறு கிலோமீட்டர். வழியெல்லாம் கண் மூடவில்லை. போன வருடம் வேறோர் ஊரில் என் மகள் யாழினி வடிவமைத்த நிழற்கூடம், திறப்பதற்கு முன்பே காற்றில் சரிந்தது. அடியில் யாரும் இல்லை. ஆனாலும் அன்று வந்த தொலைபேசி இன்னும் என் காதில் அடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்கு ஒரு திறந்த மண்டபம் வரைகிறாள். வேண்டாம் என்று சொல்லத்தான் கிளம்பினேன்.

பத்தரை மணிக்குப் புதுச்சேரி. ஆட்டோக்காரர் பூங்கா வாசலில் நிறுத்திவிட்டு, "உள்ள பந்தல் போட்ருக்காங்களே, கல்யாணமா, காரியமாம்மா?" என்றார்.

இரண்டுமில்லை. சவுக்குக் கழி நட்டு, மேலே துணி கட்டி, மண்டபத்தின் முழு அளவுக்கு மாதிரி நிறுத்தியிருந்தாள். வெயில் எப்போது எங்கே விழுகிறது, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்த பிறகுதான் இறுதி வரைபடமாம். அதற்குள் ஊர் குடியேறிவிட்டது. ஒரு குடும்பம் புளிசாதம் பிரித்திருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள்.

"காத்து வந்தா?" என்று யாழினியிடம் கேட்டேன்.

"மேல பாரும்மா. கூரை ரெண்டு அடுக்கு. நடுவுல அது போக இடம் விட்டிருக்கேன்."

பிற்பகல் ஒரு மணிக்குக் கடற்காற்று கிளம்பியது. துணி படபடத்தது. மறுநொடி நான் வெறுங்காலோடு வெளியே புல்லில் நின்றேன்.

"மதாம், இதுக்கே ஓடுனா எங்க ஊர்ல எப்படிக் குடியிருப்பீங்க?" என்று சிரித்த சொல்தா, குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு முகத்தைப் பாருங்க."

யாழினி துணியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. துணி ஒருமுறை உப்பி, இடைவெளி வழியே காற்றை விட்டுவிட்டுத் தணிந்தது.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். ஒரு கழியைப் பிடித்துக்கொண்டுதான்.

"பிடிச்சுக்கோம்மா, பரவால்ல" என்றாள்.

மாலை ஐந்து மணி. பேருந்து நிலையத்தில் என் பையை மேலே வைத்துவிட்டு இறங்கப் போனாள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிழல் என்று ஒரு முழம்கூடக் கிடையாது.

"நம்ம மாடிக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுடி" என்றேன்.

படியில் நின்றுவிட்டாள். "அடியில யாரும்மா உட்காருவா?"

"நான்தான்."