இரண்டாவது ஆல்பமும் கரும்பு வண்டி வரிசையும்

கள்ளக்குறிச்சியில் கல்லூரி முடித்த கையோடு நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு பாப் குழு ஆரம்பித்தோம். முதல் ஆல்பம் வெளிவந்த கொஞ்ச நாளில் எனக்கு வேலை கிடைத்தது, நானே விலகிக்கொண்டேன். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. என் இடத்துக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒருத்தி வந்தாள். நான் இல்லாமல் இரண்டாவது ஆல்பம் எங்கே வரப்போகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

வந்துவிட்டது. போனில் அட்டைப் படத்தைப் பார்த்தேன், நடுவில் அவள். நான் இருந்தவரை ஓரத்தில்தான் நிற்க வைத்தார்கள். வயிறு எரிந்தது.

அப்புறம் விமர்சனங்கள் வந்தன. வேலை நேரத்தில் மேசைக்குக் கீழே போனை வைத்துப் படித்தேன். முதல் ஆல்பத்தின் இனிமை இதில் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். புதுக் குரல் கரடுமுரடு என்றார் இன்னொருவர். முகம் தெரியாத அந்த இரண்டு பேரும் என் வயிற்றில் பால் வார்த்தார்கள். மெச்சி எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டினேன்.

ஆனால் எங்கள் குழு நம்பிய விமர்சகர்கள் வேறு. சர்க்கரை ஆலைக்கு முன்னால் கரும்பு டிராக்டர்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் பெரிய ஸ்பீக்கர். பாட்டு அலுத்தால் டிரைவர்கள் பாதியிலேயே மாற்றிவிடுவார்கள். தயவு தாட்சண்யம் கிடையாது. முதல் ஆல்பம் வந்தபோது மூவரும் அந்த வரிசை நெடுக நடந்து, எங்கள் பாட்டில் எது முழுசாக ஓடுகிறது என்று கேட்டோம். ஒன்றே ஒன்றுதான் ஓடியது. மேடையில் அதை மட்டும்தான் பாடினோம்.

இந்த முறை அவர்கள் இருவரோடு அவளும் சென்னையில் இருந்தாள். ஆலைப் பக்கம் குடியிருப்பவள் நான். குழுவை ஆரம்பித்தவள் போன் செய்தாள்.

"எழுதுறவங்க எழுதட்டும்டி. லைன்ல இன்னா பாடிக்கினு இருக்குதுன்னு போய்க் கேட்டு வையி, மத்தியானம் கூப்புடுறேன். அவ தனியா பாடுனது ஓடலன்னா ஞாயித்துக்கெழம மேடையில அத வைக்கல."

போனேன். இரண்டாவது டிராக்டரிலேயே அவள் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் டிரைவர் அதையே மறுபடியும் போட்டார். குரல் கரடுமுரடுதான். கேட்க நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போன் அடித்தது.

"ஓடுதாடி?"

"ம்ஹும். எல்லாம் சினிமாப் பாட்டுதான்."

சொல்லிக்கொண்டே நாலடி தள்ளிப் போனேன்.

"பின்னால கேக்குதுடி" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அவளும் பக்கத்துலதான் கீறா. சவுண்டு கொஞ்சம் கூட வைக்கச் சொல்லு, கேக்கட்டும்."

திட்டியிருந்தால் தேவலை. டிரைவரிடம் போய், "அண்ணா, சவுண்டு கொஞ்சம் ஜாஸ்தி வைங்க" என்றேன்.

வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னாம்மா, நீங்க பாடுனதா?"

போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டிப் பிடித்தபடி, "இல்லங்க" என்றேன்.